ஒரு கிட்டாருக்கு இரண்டு அம்ப்: ஸ்டீரியோ அமைப்பில் பிழை பிடிப்பது எப்படி

"அண்ணா, ஒரு அம்பை மட்டும் போட்டா நல்லாக் கேக்குது. ரெண்டையும் போட்டா சத்தம் செத்துப்போகுது. எது பழுதெண்டு தெரியேல்லை."

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி இரவு பத்து மணிக்கு ஃபோன் எடுத்துக் கேட்டது இது. அம்ப் என்பது கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தரும் அம்ப்ளிஃபையர் பெட்டி. அவனுடைய இரண்டு அம்பிலும் பழுது எதுவும் இருக்கவில்லை. அடுத்த நாள் போய்ப் பார்த்துச் சரிசெய்ய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. என்ன செய்தேன் என்பதைக் கீழே அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

ஒரு அம்பில் வாசிக்கும்போது வரும் கோளாறுகள் ஒரு வகை. அதே கிட்டாருக்கு இரண்டு அம்ப் கட்டினால் வருவது வேறு வகை. தனித்தனியே ஒழுங்காக இருக்கும் இரண்டு பெட்டிகள் ஒன்றாகச் சேர்ந்ததும் சண்டை பிடிக்கத் தொடங்கும். ஒன்றைத் தூக்கிக்கொண்டு திருத்தும் கடைக்குப் போனால், பாஸ் அதைத் தனியே போட்டுப் பார்த்துவிட்டு "இது நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பித் தந்துவிடுவார். அவரில் பிழை இல்லை. கோளாறு அந்தப் பெட்டிக்குள் இருந்தால்தானே அவருக்குத் தெரியும்.

நான் இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு நம் பையன்கள் அதிகம் கட்டுவது. கிட்டாரிலிருந்து ஒரு கேபிள், ட்யூனர், ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்குவது) போன்ற மோனோ பெடல்கள், அதாவது ஒரே அவுட்புட் உள்ள, காலால் அழுத்தும் பெட்டிகள், கடைசியில் இரண்டு அவுட்புட் உள்ள டிலே (எதிரொலி தருவது) அல்லது கோரஸ் (ஒரு கிட்டாரைப் பல கிட்டார் போலக் காட்டுவது). அதன் இடது அவுட்புட் ஒரு அம்புக்கு, வலது மற்ற அம்புக்கு.

முதலில் இடம் மாற்றிப் பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்யாமல் எதையும் கழற்ற வேண்டாம். இரண்டு அம்பின் வால்யூமையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, டிலே பெடலில் செருகியிருக்கும் இரண்டு கேபிளையும் பெடல் பக்கத்தில் மட்டும் இடம் மாற்றுங்கள். இடதில் இருந்தது வலதுக்கு, வலதில் இருந்தது இடதுக்கு. அம்ப் பக்கத்தைத் தொட வேண்டாம்.

கோளாறு மற்ற அம்புக்குத் தாவினால் பெடலின் அந்த அவுட்புட்டில் சந்தேகம். இருந்த அம்பிலேயே தங்கினால் அந்தப் பக்கக் கேபிளோ அம்போ ஸ்பீக்கரோ. அப்புறம் கேபிள் இரண்டையும் முழுதாக மாற்றிப் போடுங்கள். கோளாறு கேபிளோடு போனால் முடிந்தது கதை, இல்லாவிட்டால் அம்ப். இரண்டிலும் ஒரே மாதிரிக் கேட்கும் கோளாறு என்றால் இரண்டுக்கும் பொதுவான பக்கத்தில் தேடுங்கள்: கிட்டார், மோனோ பெடல்கள், பெடல்களுக்குப் போகும் கரண்ட்.

இன்னொரு வகை இருக்கிறது. ஒரு கேபிளைக் கழற்றியதும் காணாமல் போய், இரண்டும் இணைந்திருக்கும்போது மட்டும் வரும் கோளாறு. அம்பைத் திறந்து தேடினால் அது அகப்படாது. கீழே நான் அதிக நேரம் செலவழிக்கப்போவது இந்த வகையில்தான்.

"ரெண்டாவது அம்பை இணைச்சதும் ஊம் எண்டு இரையுது"

நூற்றுக்கு நூறு பேருக்கும் ஒருநாள் வரும். முதலில் இது எர்த் சுற்று இரைச்சலா என்று உறுதிப்படுத்துங்கள். வலது அம்பை ஓனில் வைத்தபடியே அதன் வால்யூமைப் பூச்சியமாக்குங்கள். இடது அம்பில் இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கட்டும். இப்போது வலது அம்புக்குப் போகும் கேபிளைப் பெடலிலிருந்து பிடுங்குங்கள். இடது அம்பில் இரைச்சல் சட்டென்று அடங்கினால் எர்த் சுற்றேதான்.

காதாலும் ஒரு சோதனை செய்யலாம். நம் இலங்கைக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். எர்த் சுற்றில் அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸும் தூக்கலாகக் கேட்கும். தடித்த ஈ தந்தியில் மூன்றாம் கட்டை அழுத்தினால் வருவது ஜி, 98 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்தை அடித்துவிட்டு இரைச்சலைக் கேளுங்கள். இரைச்சல் ஒரு மயிரிழை மேலே நிற்கும். அம்பின் முன்னால் ஃபோன் ட்யூனரைப் பிடித்தால் ஜி என்று காட்டி, முள் 35 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். அப்படி ஒரே இடத்தில் நின்றால் வருவது மின்வழி இரைச்சல். முள் அலைந்து திரிந்தால், அல்லது சத்தம் "ஸ்ஸ்" என்று மட்டும் இருந்தால், வேறு எங்காவது தேட வேண்டும்.

ஏன் வருகிறது? இரண்டு அம்பின் உடலும் தத்தம் பிளக்கின் எர்த் கம்பி வழியாகச் சுவருக்குள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. அதே இரண்டும் சிக்னல் கேபிள்களின் வெளிக்கம்பி வலை வழியாகப் பெடலிலும் இணைகின்றன. ஆக, சுவர், அம்ப், பெடல், மற்ற அம்ப், மறுபடி சுவர் என்று ஒரு பெரிய வளையம் உருவாகிவிட்டது. சுற்றிலும் ஓடும் மின்வயர்களின் காந்தப்புலம் இந்த வளையத்தில் சிறு மின்னோட்டத்தைக் கிளப்பும். அது உங்கள் கிட்டார் சிக்னல் போகும் கேபிளின் வலையிலேயே ஓடுவதால் அம்ப் அதையும் சேர்த்துப் பெருக்குகிறது.

செலவில்லாத வைத்தியம் முதலில். இரண்டு அம்பையும் ஒரே பிளக் பொயின்டில் இருந்து வரும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடுங்கள். ஒன்று ஹோல் பொயின்டில், மற்றது பால்கனி பொயின்டில் என்றால் வளையம் வீடு முழுக்க ஓடும். இரண்டு சிக்னல் கேபிளையும் ஆளுக்கொரு திசையில் விரித்துப் போடாமல், முடிந்த தூரம் வரை அருகருகே கொண்டுபோங்கள். பெடல்களின் கரண்டும் அதே எக்ஸ்டென்ஷனில் இருக்கட்டும். பாதி வீடுகளில் இதிலேயே இரைச்சல் தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கிவிடும்.

இறங்காவிட்டால் காசு செலவழிக்க வேண்டியதுதான். ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் சுற்றிய ஆடியோ ட்ரான்ஸ்ஃபோர்மர் உள்ள ஐசோலேட்டர் பெட்டி ஒன்றை, இரண்டில் ஒரு பக்கக் கேபிளில் மட்டும் இடையில் வையுங்கள். சிக்னல் காந்தம் வழியாகத் தாண்டிப் போகும், கம்பித் தொடர்பு அறுந்துவிடும், வளையம் உடையும். இரண்டு பக்கமும் தேவையில்லை. கடையில் "இதுவும் ட்ரான்ஸ்ஃபோர்மர்தான்" என்று மைக் மிக்சருக்குப் போகும் டிஐ பெட்டியைத் தந்தால் வாங்காதீர்கள். அது சிக்னலை மைக் அளவுக்குக் குறைத்துவிடும், அம்ப் இருமல் வந்தவர் மாதிரிப் பேசும்.

இனி, செய்யக்கூடாத வைத்தியம். "எர்த்தை வெட்டிவிடு மச்சான், இரைச்சல் போயிடும்" என்று சொல்ல எல்லா இசைக்குழுவிலும் ஒருவர் இருப்பார். அவர் சொல்வது போல இரைச்சல் போகும். அந்த அம்புக்குள் ஏதாவது கம்பி கழன்று உடலைத் தொட்ட அன்றைக்கு 230 வோல்ட் கிட்டார் தந்திக்கு வரும், தந்தியிலிருந்து உங்கள் விரலுக்கு வரும். எர்த் கம்பி இருப்பது அந்த ஒரு நாளுக்காக.

"மைக்கில் உதடு பட்டதும் சுள்ளென்று அடிக்குது"

இது வந்தால் மற்ற எல்லாச் சோதனையையும் நிறுத்துங்கள். வாசிப்பதையும்தான்.

எனக்கு இது ஒரு கலியாண மண்டபத்தில் நடந்தது. சவுண்ட் செக்கில் முதல் வரியைப் பாட வாயைக் கொண்டுபோனேன், கீழ் உதட்டில் ஊசி குத்தியது போல. பக்கத்தில் நின்ற பேஸ்காரர் "புது மைக், கொஞ்சம் சூடு" என்று பகிடி விட்டார். பின்னால் போய்ப் பார்த்தால் என்னுடைய இரண்டு அம்பில் ஒன்று, யாரோ கொண்டுவந்த ஜப்பான் ரீகண்டிஷன் அம்ப். 100 வோல்ட், தட்டையான இரண்டு முனைப் பிளக், அதற்கு ஒரு ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபோர்மர். எர்த் என்பதே அதில் இல்லை. அது செருகியிருந்த சதுர முனை சொக்கெட்டின் மேல் துளைக்குள் ஒரு பேனா மூடி குத்தி நின்றது.

அந்தப் பேனா மூடி வித்தை நமக்கெல்லாம் தெரியும். 13 அம்பியர் சதுரப் பிளக்கில் எர்த் முனை மற்ற இரண்டையும் விட நீளம். அது முதலில் உள்ளே போய்க் கதவைத் திறந்தால்தான் மற்ற இரண்டு முனைக்கும் வழி கிடைக்கும். எர்த் இல்லாமல் எதுவும் செருகப்படக் கூடாது என்று யோசித்துச் செய்த பூட்டு அது. நாம் பேனாவால் திறந்துவிடுகிறோம். ஃபோன் சார்ஜருக்குச் செய்வதே ஆபத்து. கையில் தந்தியும் வாயில் மைக்கும் இருக்கும் கிட்டார்காரருக்கு அதைவிட ஆபத்து.

இரண்டு முனை அம்பில் உடல் எங்கும் கட்டப்படாமல் மிதக்கும், உள்ளே இருக்கும் கசிவால் அதில் சில பத்து வோல்ட் ஏறி நிற்கலாம். மைக் பக்கம் எர்த் ஆகியிருக்கும். நடுவில் நீங்கள். பெரும்பாலும் சுள்ளென்று அடிப்பதோடு போகும் கசிவுதான், ஆனால் கசிவா உண்மையான பழுதா என்று உதட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் தந்தியிலும் மற்றதை மைக்கின் கம்பி வலையிலும் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த அம்ப் அன்றைக்கு மேடையில் வேண்டாம். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மூன்று கம்பிக் கேபிளும் உடலுக்கு எர்த்தும் போட்டு வாங்குங்கள். மலிவான ஸ்டெப்டவுன் பெட்டிகள் பல ஒற்றைச் சுருள் வகை. வோல்ட்டைக் குறைக்கும், ஆனால் மெயினில் இருந்து உங்களைப் பிரித்து வைக்காது. அதில் 110 வோல்ட் என்று எழுதியிருந்தால் 100 வோல்ட் அம்புக்குப் பத்து வீதம் கூட என்பதையும் யோசியுங்கள்.

அம்பைப் போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா? திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுப் பார்க்க வேண்டாம். சாதாரணமாக வீட்டுக்குப் போடும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லிஅம்பியர் கசிவில் விழும். அது விழுகிறதென்றால் தன் வேலையைச் செய்கிறது.

"ரெண்டையும் போட்டா பேஸ் காணாமல் போகுது"

கொட்டாஞ்சேனைத் தம்பியின் கதை இதுதான். அவனிடம் ஒரு சின்ன ட்ரான்சிஸ்டர் அம்பும், மாமா விட்டுப்போன பழைய வால்வ் கொம்போவும் (அம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ளது) இருந்தன. தனித்தனியே போட்டால் இரண்டும் தடியாகப் பேசின. சேர்த்துப் போட்டதும் சத்தம் ஒல்லியாகி, நடு இல்லாமல், மண்டைக்குள் இருந்து வருவது போல ஆனது.

அம்புக்குள் சிக்னல் கடந்துபோகும் கட்டங்கள் பல, சிக்னலைத் தலைகீழாக்கிவிடும். ஒரு அம்பில் அப்படித் திருப்பும் கட்டங்கள் இரட்டைப்படை, மற்றதில் ஒற்றைப்படை என்றால், நீங்கள் தந்தியைத் தட்டும் அதே கணத்தில் ஒரு ஸ்பீக்கர் கூம்பு வெளியே தள்ளும், மற்றது உள்ளே இழுக்கும். காற்றைத் தள்ளுவதும் இழுப்பதும் ஒன்றையொன்று தின்றுவிடும். கீழ்ச்சுரங்களில்தான் இது கொடுமை. திறந்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ், அதன் அலை நீளம் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அறையில் ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு அம்பும் அந்த அலைக்கு ஒரே இடம் மாதிரி. மேற்சுரங்களின் அலை குட்டி, அங்கங்கே தப்பிப் பிழைக்கும். அதனால்தான் பேஸ் மட்டும் போய் மேல்பக்கம் மிஞ்சுகிறது.

சோதனை சுலபம். எஃபெக்ட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இரண்டு அம்பையும் முகம் ஒரே பக்கம் பார்க்கத் தோளோடு தோள் ஒட்டி வையுங்கள். சத்தம் சமமாக இருக்கட்டும். திறந்த ஈ தந்தியை அடித்தபடி ஒருவரைக் கொண்டு ஒரு அம்பின் வால்யூமை மெல்ல இறக்கச் சொல்லுங்கள். ஒன்றை இறக்க இறக்கப் பேஸ் கூடினால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன.

தம்பியின் வீட்டில் நான் செய்தது இவ்வளவுதான். ட்ரான்சிஸ்டர் அம்பை ஓஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பின்பக்கத் திறப்பு வழியாகக் கையை விட்டு ஸ்பீக்கரின் இரண்டு செருகு முனையையும் கழற்றி, இடம் மாற்றிச் செருகினேன். சிவப்புக் கம்பி கறுப்பு இருந்த இடத்தில், கறுப்பு சிவப்பு இருந்த இடத்தில். மறுபடி போட்டு அவன் ஈ தந்தியை அடித்தான். அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, குசினியில் இருந்து "டேய், குறை அதை" என்று அம்மா சத்தம் போட்டார். அதோடு வேலை முடிந்தது.

நீங்கள் செய்யும்போது இரண்டு விஷயம். வால்வ் அம்பின் உள்பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கண்டென்சர்களில் ஆளைத் தூக்கியடிக்கும் வோல்ட் நிற்கும். மாற்ற முடியும் என்றால் ட்ரான்சிஸ்டர் பக்கத்தில் மாற்றுங்கள், யாருக்கு மாற்றினாலும் பலன் ஒன்றுதான். அடுத்தது, ஒரு பெட்டிக்குள் இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் இரண்டுக்கும் மாற்ற வேண்டும். ஒன்றுக்கு மட்டும் மாற்றினால் அந்தப் பெட்டிக்குள்ளேயே சண்டை தொடங்கிவிடும். மாற்றிய அம்பில் ஒரு டேப் ஒட்டி எழுதியும் வையுங்கள். ஆறு மாதத்தில் மறந்துவிட்டு வேறொரு அம்போடு சேர்த்துத் தலையைப் பிய்ப்பீர்கள்.

கழற்ற மனமில்லாதவர்களுக்குத் திசை மாற்றும் சுவிட்ச் உள்ள ஸ்ப்ளிட்டர் பெட்டிகள் இருக்கின்றன. ஐசோலேட்டரும் அதே பெட்டியில் வருவது உண்டு. இரைச்சலும் பேஸ் பிரச்சினையும் ஒன்றாக இருப்பவர்கள் அதையே வாங்கினால் லாபம்.

எல்லாம் சரிசெய்த பிறகும் அம்பின் சேனலை (ஒரே அம்புக்குள் இருக்கும் தனித்தனி சிக்னல் வழி) மாற்றும்போது மட்டும் பேஸ் போகிறதா? 1960களின் ஃபென்டர் அம்ப் பலவற்றில் நார்மல் சேனலும் வைப்ராட்டோ சேனலும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை. வைப்ராட்டோ பக்கத்தில் ஒரு கட்டம் கூட. அந்த வழியில் செய்த அம்ப்களிலும் இதை எதிர்பாருங்கள். எந்தச் சேனலோடு வாசிக்கப் போகிறீர்களோ அதை வைத்துச் சோதியுங்கள்.

"பேஸ் இருக்கு, ஆனா தகரக் குழாய்க்குள்ள இருந்து வாற மாதிரி"

மேலே சொன்னதன் ஒன்றுவிட்ட சகோதரம். ஒரு பக்கம் சாதாரண அம்ப், மற்றப் பக்கம் டிஜிட்டல் மொடலிங் அம்ப் அல்லது மல்டிஎஃபெக்ட் என்றால் டிஜிட்டல் பக்கம் சில மில்லிசெக்கன் பிந்திப் பேசும். கொழும்பு வெக்கையில் ஒலி ஒரு மில்லிசெக்கனில் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் போகும். ஐந்து மில்லிசெக்கன் தாமதம் என்றால் அந்த அம்பை ஒன்றேமுக்கால் மீட்டர் பின்னால் தள்ளி வைத்தது போல. அப்படிப் பிந்தும்போது 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும், சீப்பின் பற்கள் மாதிரி. ஈக்வலைசரைத் திருகி அந்தப் பள்ளங்களை நிரப்ப முடியாது.

தந்திகளை இடது கையால் அமுக்கிக்கொண்டு பிக்கால் "சக் சக்" என்று அடித்துப் பாருங்கள். சத்தம் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் இழுத்தால் முந்துவது அந்தப் பக்கம். காதுக்கு முதலில் வந்து சேரும் பக்கத்திலிருந்தே சத்தம் வருவதாக மூளை முடிவெடுக்கும், இதை ஹாஸ் விளைவு என்பார்கள். வைத்தியம்: இரண்டு பக்கமும் ஒரே இனமாக இருக்கட்டும். அது முடியாதென்றால் எதிர்ப்பக்கமாகப் போங்கள். பிந்தும் பக்கத்தில் இருபது மில்லிசெக்கன் அளவில் டிலே வைத்து வேண்டுமென்றே தள்ளிவிட்டால் குழாய்ச் சத்தம் குறைந்து கிட்டார் அகலமாக விரியும். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும், ஆனால் வேகமான ரிதம் வாசிப்பவர்களுக்கு அது வழுக்கும்.

"ரெண்டு அம்ப் இருக்கு, ஆனா ஸ்டீரியோ கேக்கேல்லை"

டிலேயைப் பிங்பொங் முறையில் போட்டு, அரை செக்கன் இடைவெளி வைத்து, ஒரு சுரம் மட்டும் அடியுங்கள். இடம், வலம், இடம் என்று தாவ வேண்டும். தாவாவிட்டால் பெடலுக்குப் பிறகு எங்கோ இரண்டும் ஒன்றாகிவிட்டது.

பெரும்பாலும் டிலேக்குப் பின்னால் ஒரு மோனோ பெடல் ஒளிந்திருக்கும், அதை முன்னால் கொண்டுவாருங்கள். இன்னொன்று ஜாக். சில சின்னப் பெடல்களில் இரண்டு அவுட்புட்டும் ஒரே துளையில் வரும், அதற்கு மூன்று முனை ஜாக்கில் இருந்து இரண்டாகப் பிரியும் வை கேபிள் வேண்டும். சாதாரணக் கிட்டார் கேபிளைச் செருகினால் ஒரு பக்கம்தான் கிடைக்கும். பெடலை நிறுத்தியதும் வலது அம்ப் ஊமையாகிறதென்றால் அதன் பைபாஸ் (பெடல் ஓஃபில் இருக்கும்போது சிக்னல் போகும் வழி) அப்படி வடிவமைத்தது, புத்தகத்தில் பஃபர் பைபாஸ் என்று ஏதாவது தெரிவு இருக்கிறதா பாருங்கள்.

கோரஸ் போட்டால் ஒரு பக்கம் மட்டும் அசைகிறது, மறுபக்கம் வெறுமையாக இருக்கிறது என்று முறையிடுபவர்களும் உண்டு. அது பல நேரம் பழுதே இல்லை. 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 அம்பின் புகழ்பெற்ற கோரஸே அப்படித்தான்: ஒரு ஸ்பீக்கரில் கலப்பில்லாத சத்தம், மற்றதில் சுரம் அசையும் சத்தம், இரண்டும் காற்றில் கலக்கும்போதுதான் கோரஸ் பிறக்கிறது. இரண்டு அம்புக்கும் நடுவில் போய் நின்று கேளுங்கள்.

"ஒரு பக்கம் நினைச்ச நேரம் சத்தம் குறையுது, பிறகு வருது"

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இதைத் தலைவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மரைன் டிரைவ் பக்கம் யன்னலைத் திறந்து வைத்து வாழும் வீட்டில் கேட் கீலே வருடத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்கிறது, ஜாக் தப்புமா?

முதலில் பார்க்க வேண்டிய இடம் பலருக்குத் தோன்றாது: அம்பின் பின்பக்கத்து எஃபெக்ட்ஸ் லூப், அதாவது அம்பின் நடுவில் பெடல்களை இணைக்க இருக்கும் சென்ட், ரிட்டர்ன் என்ற இரண்டு ஜாக். அதை நீங்கள் பாவிப்பதே இல்லையென்றாலும், பல அம்ப்களில் சிக்னல் ரிட்டர்ன் ஜாக்கின் உள்ளே இருக்கும் ஒரு சின்னத் தகட்டுத் தொடுகை வழியாகத்தான் கடந்து போகிறது. பாவிக்காத ஜாக்கில்தான் உப்புக் காற்று வேலையைக் காட்டும். சென்ட் ஜாக்கில் இருந்து ரிட்டர்ன் ஜாக்குக்கு ஒரு குட்டிப் பேட்ச் கேபிளைப் போட்டுப் பாருங்கள். சத்தம் முழுதாகத் திரும்பி வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. பிளக்கைப் பிடுங்கிய பிறகு, எலக்ட்ரோனிக் தொடுகைகளுக்கான கிளீனரை அந்த ஜாக்கில் இரண்டு தடவை அடித்து, ஒரு ஜாக்கைப் பத்துப் பதினைந்து தரம் செருகி எடுங்கள். காயவிட்டுப் போடுங்கள். கதவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வால்யூம் திருகும்போது "கரகர" என்றால் அதே கிளீனரை அந்தத் திருகிக்குள்ளும் அடிக்கலாம்.

"ரெண்டாப் பிரிச்சதில இருந்து கிட்டார் மங்கலாக் கேக்குது"

ஸ்டீரியோ பெடல் இல்லாமல், வெறும் வை கேபிளால் பிரித்திருப்பீர்கள். சாதாரண அம்ப் இன்புட் ஒன்று கிட்டாருக்கு ஒரு மெகாஓம் பாரமாகத் தெரியும், இரண்டைச் சேர்த்தால் அரை மெகாஓம். அதோடு ஒவ்வொரு மீட்டர் கேபிளும் ஏறக்குறைய நூறு பிக்கோஃபராட் மின்கொள்ளளவைச் சேர்த்து மேற்சுரத்தைத் தின்னும். ஆறு மீட்டர் கேபிள் இரண்டு என்றால் கணக்குப் பாருங்கள். பிரிப்பதற்கு முன்னால் ஒரு பஃபர் (சிக்னலை இந்தப் பாரத்தில் இருந்து காக்கும் சின்னச் சுற்று), அல்லது பஃபர் உள்ள ஏதாவது பெடல் ஓனில் இருந்தால் போதும்.

மற்ற இரைச்சல்கள்

கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லச் சுழன்று பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் குறைந்தால் அதை வாங்குவது தந்திக்குக் கீழே இருக்கும் பிக்கப், பெரும்பாலும் ஒற்றைச் சுருள் பிக்கப். சீலிங் ஃபேன் ரெகுலேட்டரைப் பாதியில் வைத்திருந்தால் முழு வேகத்துக்குத் திருப்புங்கள், மங்க வைக்கும் லைட் சுவிட்சும் அப்படியே.

கீச்சென்ற டிஜிட்டல் முனகல் என்றால் பெடல்களை ஒரே சங்கிலி வயரில் கோர்த்திருப்பீர்கள். ஓவர்டிரைவை ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரியில் போட்டுப் பாருங்கள். முனகல் போனால் தனித்தனி ஐசோலேட் அவுட்புட் உள்ள பவர் சப்ளைக்குக் காசு சேருங்கள். டிஜிட்டல் டிலே ஒன்றே 300 மில்லிஅம்பியர் வரை கேட்கும், 100 மட்டும் தரும் துளையில் செருகினால் அது பாதியில் செத்துச் செத்து எழும்பும்.

2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் போன காலத்தில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் வந்தது. மலிவான இன்வெர்ட்டரின் கரண்ட் அலை வட்டமாக இருக்காது, படிக்கட்டு மாதிரி இருக்கும். அதில் அம்ப் "ஜ்ஜ்" என்று கத்தும். முழு சைன் அலை தரும் இன்வெர்ட்டர் இல்லையென்றால் கரண்ட் வரும் வரை அக்கூஸ்டிக் எடுத்து வாசியுங்கள்.

ஸ்பீக்கர் பக்கம் ஒரு எச்சரிக்கை மட்டும். இரண்டு அம்பின் ஸ்பீக்கர் அவுட்புட்டை ஒரே ஸ்பீக்கரில் சேர்க்கவே கூடாது. வால்வ் அம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓன் பண்ணக் கூடாது. கிட்டார் கேபிளை ஸ்பீக்கர் கேபிளாகப் பாவிக்கவும் கூடாது, மூன்றும் அம்பின் அவுட்புட் பகுதி எரிவதில் வந்து முடியலாம்.

"வீட்டில் பிரமாதம், மண்டபத்தில் ஒண்டும் இல்லை"

உங்கள் இரண்டு அம்புக்கும் முன்னால் மைக் வைத்து மிக்சருக்கு எடுத்திருப்பார்கள். மண்டபத்து பிஏ (சபைக்குச் சத்தம் தரும் பெரிய ஸ்பீக்கர் அமைப்பு) பெரும்பாலும் மோனோவாகத்தான் ஓடும், இரண்டும் அங்கே ஒன்றாகக் கூட்டப்படும். வீட்டில் காற்றில் கலந்தபோது அழகாகக் கேட்ட கோரஸ் அங்கே கம்பியில் கலந்து மெலிந்துவிடும். திசை எதிரெதிராக இருந்தால் மொத்தமாகவே போய்விடும்.

சவுண்ட்காரரிடம் போய் "அண்ணே, பிஏ ஸ்டீரியோவா மோனோவா?" என்று முதலே கேட்டுவிடுங்கள். ஸ்டீரியோ என்றால் இரண்டு மைக்கையும் முழு இடம், முழு வலம் என்று போடச் சொல்லுங்கள், ஆனால் ஓரத்து நாற்காலிக்காரருக்குப் பாதிதான் கேட்கும் என்பதை மனதில் வைத்து, பாட்டின் முக்கிய வரிகளை இரண்டு பக்கத்திலும் சமமாக வாசியுங்கள். மோனோ என்றால் ஒரே ஒரு அம்புக்கு மட்டும் மைக் வைக்கச் சொல்லிவிட்டு, டிலேயின் இடது அவுட்புட்டில் மட்டும் கேபிளை விடுங்கள். அதன் பக்கத்தில் மோனோ என்று எழுதியிருந்தால் வலது கேபிளைக் கழற்றியதும் பெடலே இரண்டையும் ஒன்றாக்கித் தரும். மற்ற அம்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம், பின் சீட்டில் வேட்டி சால்வையோடு வரும் கீபோட்காரருக்கும் இடம் கிடைக்கும்.